மெட்டாபிசிகல் கவிதை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் ஜான் டன்னைப் பார்த்ததும் மிரளாதவர்கள் குறைவு. நெட், டி.ஆர்.பி. தேர்வுகளுக்குப் படிக்கிறவர்களுக்கும் இந்தப் பகுதியில்தான் சந்தேகம் அதிகம் வருகிறது. என்னிடம் வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் வருபவை அடிப்படைக் கேள்விகள், போகப்போகச் சிக்கலானவை. கவிதை வரிகளின் தமிழ் வடிவம் என்னுடையது. பொருள் புரிந்தால் போதும் என்று எழுதியது.

மெட்டாபிசிகல் கவிஞர்கள்னா யார் யார்? எல்லாரும் ஒரு குழுவா இருந்து எழுதினாங்களா?

குழு எதுவும் இல்லை. 1590களில் தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எழுதிய சிலரைப் பிற்காலத்தவர்கள் ஒரே பெயரில் கட்டிவைத்தார்கள். முதல் ஆள் ஜான் டன் (1572–1631). அப்புறம் ஜார்ஜ் ஹெர்பர்ட் (1593–1633), ரிச்சர்ட் க்ராஷா, ஆபிரகாம் கௌலி (1618–1667), ஆண்ட்ரூ மார்வெல் (1621–1678), ஹென்றி வான் (1621–1695), தாமஸ் ட்ராஹெர்ன். டன்னும் ஹெர்பர்ட்டும் நேரில் பழகியவர்கள். ஹெர்பர்ட்டின் தாய் மாக்டலன் இறந்தபோது நினைவுப் பிரசங்கம் செய்ததே டன்தான். வான் தன்னை ஹெர்பர்ட்டின் வழிவந்தவராகச் சொல்லிக்கொண்டார், ஆனால் ஹெர்பர்ட் இறந்தபோது அவர் சின்னப் பையன். மற்றவர்களிடம் இந்த அளவு தொடர்புகூடக் கிடையாது.

அப்படியானால் இவர்களைச் சேர்த்துவைப்பது எது? என்னைக் கேட்டால், பேச்சு. இந்தக் கவிதைகளில் யாரோ ஒருவர் இன்னொருவரிடம் நேருக்கு நேர் பேசுகிறார். காதலியிடம், சூரியனிடம், சாவிடம், கடவுளிடம். சும்மா பேசவில்லை, ஏதோ ஒன்றைச் சாதிக்கப் பார்க்கிறார். எந்தக் கவிதையை எடுத்தாலும் ‘யாரிடம் பேசுகிறார், அவரிடம் இவருக்கு என்ன வேண்டும்?’ என்று முதலில் கேட்டுப் பாருங்கள். கீழே வரும் பதில்களில் பாதி அந்த ஒரு கேள்வியிலிருந்து வருபவைதான்.

இந்தப் பேரை யார் வச்சாங்க? அப்போ இதெல்லாம் தத்துவக் கவிதையா?

பெயர் வசவாகத்தான் தொடங்கியது. 1693இல் கவிஞர் ஜான் டிரைடன், டன்னைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார்: அங்கதக் கவிதைகளில் மட்டுமல்ல, காதல் கவிதைகளிலும் இந்த மனிதர் மெட்டாபிசிக்ஸை, அதாவது உலகின் அடிப்படையை ஆராயும் தத்துவத்தை, கொண்டுவந்து நுழைக்கிறார், பெண்களின் மனதைக் கவர வேண்டிய இடத்தில் தத்துவ நுணுக்கம் பேசி அவர்களைக் குழப்புகிறார் என்று. 1779இல் விமர்சகர் சாமுவேல் ஜான்சன், கௌலியின் வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது ‘மெட்டாபிசிகல் கவிஞர்கள்’ என்ற சொல்லை ஒரு கூட்டத்துக்கே பெயராக்கினார். பெயர் ஒட்டிக்கொண்டது. டன்னோ ஹெர்பர்ட்டோ தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டதே இல்லை.

தத்துவக் கவிதை என்று எழுதினால் பாதி தப்பு. உலகம் எதனால் ஆனது, ஆன்மா எங்கே போகிறது என்று முறையாக ஆராய்வது இவர்கள் வேலை இல்லை. தத்துவம், இறையியல், வானியல், சட்டம், ரசவாதம் என்று கைக்கு எட்டிய எல்லாச் சரக்கையும் எடுத்து, தன் வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்துவார்கள். டன் லண்டனில் லிங்கன்ஸ் இன்னில் சட்டம் படித்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கன்சீட், கன்சீட்னு சொல்றாங்களே, சாதாரண உவமைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண உவமையில் ஒப்புமை பார்த்தவுடன் பிடிபடும். முகம் நிலவு மாதிரி என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். கன்சீட்டில் இரண்டு பொருள்களுக்கும் சம்பந்தமே இல்லாதது போல இருக்கும். கவிஞர் படிப்படியாகக் காரணம் சொல்லிச் சொல்லி, ‘ஆமாம், பொருந்தத்தான் செய்கிறது’ என்று நம்மை ஒப்புக்கொள்ள வைப்பார்.

எல்லோரும் சொல்லும் உதாரணம், ‘எ வேலடிக்‌ஷன்: ஃபர்பிடிங் மோர்னிங்’ என்ற பிரிவுக் கவிதையில் வரும், வட்டம் வரையும் காம்பஸ். 1611இல் பிரான்ஸுக்குக் கிளம்பும்போது மனைவிக்கு எழுதிக் கொடுத்தது என்று டன்னின் வரலாற்றை எழுதிய ஐசக் வால்டன் சொல்கிறார். அழாதே, பிரிவு என்பது முறிவு இல்லை என்று அவரை நம்பவைக்க வேண்டும். முதலில் தங்கத்தைச் சொல்கிறார்: எவ்வளவு மெல்லிய தகடாக அடித்தாலும் தங்கம் அறுபடாது, நீளும். நம் ஆன்மாவும் அப்படித்தான். அது போதவில்லை போலிருக்கிறது. சரி, நாம் இருவர்தான் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் காம்பஸின் இரண்டு கால்கள் போல இருவர் என்கிறார்.

இதற்குப் பிறகு வருவதுதான் கன்சீட்டின் வேலை. நடுவில் ஊன்றிய கால் நகர்வதாகத் தெரியாது. ஆனால் மற்றக் கால் தூரம் போகப்போக இதுவும் அதன் பக்கம் சாய்கிறது, ‘காது கொடுத்துக் கேட்கிறது’. அது வீடு திரும்பினால் இது நிமிர்கிறது. நீ உறுதியாக நிற்பதால்தான் என் வட்டம் சரியாக முடிகிறது, தொடங்கிய இடத்துக்கே நான் வந்து சேர்கிறேன் என்று கவிதை முடியும். மூன்று பத்திகள் முழுக்க ஒரே காம்பஸ். சாய்வது, நிமிர்வது, வட்டம் முடிவது என்று அந்தக் கருவி செய்யும் ஒவ்வொரு காரியமும் மனைவிக்குச் சொல்லும் ஒவ்வொரு சமாதானமாக மாறுகிறது. ரசவாதிகள் தங்கத்துக்குப் போட்ட குறி, நடுவில் புள்ளி வைத்த வட்டம். காம்பஸ் வரைவதும் அதைத்தான். முன்னால் வந்த தங்கம் இங்கே மறுபடியும் எட்டிப் பார்ப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

‘தி ஃப்ளீ’ கவிதையில ஒரு தெள்ளுப்பூச்சியைப் போய்... வகுப்புல எல்லாரும் சிரிச்சாங்க. இது சீரியஸான கவிதைதானா?

சிரிக்க வேண்டிய கவிதைதான். சிரிக்காமல் நடத்தினால்தான் தப்பு. தெள்ளுப்பூச்சியை வைத்துக் காதல் கவிதை எழுதுவது அன்றைய ஐரோப்பாவில் பழகிப்போன வேடிக்கை. பூச்சி காதலியின் உடம்பில் எங்கெல்லாம் ஊர்கிறதோ என்று பொறாமைப்படுவார்கள். டன் அதைத் தொடாமல் பூச்சியின் வயிற்றுக்குள் போகிறார். அது முதலில் என்னைக் கடித்தது, இப்போது உன்னைக் கடிக்கிறது. நம் இருவர் ரத்தமும் அதற்குள் கலந்துவிட்டது. கூடலில் ரத்தம் கலப்பதாக அன்று நம்பினார்கள். இதில் பாவம் இல்லை, மானம் போகவில்லை என்றால் நீ மறுக்கும் அந்த விஷயத்திலும் ஒன்றும் போகாது என்பது வாதம்.

இந்தக் கவிதையில் கவனிக்க வேண்டிய இடம் பத்திகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம். முதல் பத்தி முடிந்ததும் அவள் பூச்சியை நசுக்கக் கையை ஓங்குகிறாள். அதனால்தான் இரண்டாம் பத்தி ‘நில்’ என்று தொடங்குகிறது. இது நம் மணவறை, நம் கோயில்; கொன்றால் என் கொலை, உன் தற்கொலை, கோயிலை இடித்த பாவம் என்று மூன்று பாவம் சேரும் என்று பதறுகிறார். இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் நடுவில் அவள் நசுக்கியே விடுகிறாள். நகத்தில் ரத்தம். ‘பார், உனக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை’ என்று வென்றவள் போலச் சொல்கிறாள். அவ்வளவு நேரம் கட்டிய வாதம் தரைமட்டம். ஆள் அசரவில்லை: உண்மைதான், பயம் எவ்வளவு பொய் என்று இப்போது தெரிகிறதா? பூச்சி செத்ததால் உன் உயிர் எவ்வளவு குறைந்ததோ, எனக்கு இணங்கினால் உன் மானமும் அவ்வளவுதான் குறையும்!

தோற்ற இடத்திலிருந்தே அடுத்த வாதத்தை எடுப்பதுதான் டன். இதில் உண்மைக் காதல் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. சாமர்த்தியம் இருக்கிறது.

ஓசையே சரியா வரலையே, இவருக்கு யாப்பு தெரியாதா?

உங்களுக்கு முன்பே, டன் காலத்துக் கவிஞரும் நாடகாசிரியருமான பென் ஜான்சன் இதைச் சொல்லிவிட்டார். (மேலே வந்த சாமுவேல் ஜான்சன் வேறு ஆள், நூற்றைம்பது ஆண்டு பிந்தியவர். தேர்வில் இருவரையும் குழப்புகிறவர்கள் நிறைய.) 1618–19 குளிர்காலத்தில் ஸ்காட்லாந்துக் கவிஞர் வில்லியம் டிரம்மண்டின் வீட்டில் தங்கியிருந்தபோது, அசையழுத்தம் காக்காததற்காக டன்னைத் தூக்கில் போடலாம் என்றார். அதே பேச்சில், சில விஷயங்களில் டன்னே உலகின் முதல் கவிஞர் என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு நகர்வது நியாயம் இல்லை.

டன்னின் வரி பேசும் வாயின் வேகத்தில் வருவது. ‘கடவுள் புண்ணியமாப் போகட்டும், வாயை மூடு, என்னைக் காதலிக்க விடு’ என்று ஒரு கவிதை தொடங்குகிறது. ‘வேலையத்த கிழட்டு முட்டாளே’ என்று சூரியனைத் திட்டி இன்னொன்று தொடங்குகிறது. எரிச்சலில் இருப்பவன் சீராக அசை எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். ஆனால் பத்தியின் கட்டுமானத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு புதுப் பத்தி வடிவத்தை அவரே உண்டாக்கி, எந்த வரி நீளம், எது குட்டை, எது எதோடு இயைய வேண்டும் என்பதைக் கடைசிவரை கிட்டத்தட்ட அப்படியே காப்பாற்றுகிறார். யாப்பு தெரியாதவரால் இது முடியாது.

ஒரே ஆள் எப்படிக் காதல் கவிதையும் எழுதி, கடவுள் கவிதையும் எழுதினார்? வயசானதும் திருந்திட்டாரா?

இந்த ‘இளமையில் ஜாக் டன், முதுமையில் டாக்டர் டன்’ கதையைத் தொடங்கிவைத்தவர் டன்தான். 1619இல் நண்பர் ஒருவருக்குத் தன் பழைய நூல் ஒன்றின் கையெழுத்துப் பிரதியை அனுப்பும்போது, இது ஜாக் டன் எழுதியது, டாக்டர் டன் எழுதியதல்ல என்று குறிப்பு வைத்தார். கேட்க நன்றாக இருக்கிறது. வாழ்க்கை அவ்வளவு நேராக இல்லை.

கத்தோலிக்கராக இருப்பதே ஆபத்தான காலத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். ஒரு பாதிரியாருக்கு அடைக்கலம் கொடுத்ததற்காகத் தம்பி ஹென்றி 1593இல் சிறைப்பட்டு, சிறையிலேயே காய்ச்சலில் இறந்தான். டன் பின்னால் இங்கிலாந்துத் திருச்சபைக்கு மாறினார். சர் தாமஸ் எகர்ட்டனிடம் செயலாளர் வேலை, நல்ல எதிர்காலம். 1601 கடைசியில் எகர்ட்டன் வீட்டோடு உறவுள்ள ஆன் மோர் என்ற பெண்ணை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணின் அப்பா கொதித்தெழ, வேலை போனது, கொஞ்ச நாள் சிறை. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம் நிலையான வேலை இல்லாமல் புரவலர்களை நம்பியே பிழைப்பு, வீட்டில் ஒன்றன் பின் ஒன்றாகக் குழந்தைகள். 1615இல், மன்னர் ஜேம்ஸின் வற்புறுத்தலுக்குப் பிறகுதான் குருவானார். 1617இல் பன்னிரண்டாம் பிரசவத்தையொட்டி ஆன் இறந்தார். 1621இல் டன் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு.

இப்போது கணக்கைப் பாருங்கள். ‘ஹோலி சானெட்ஸ்’ என்ற பத்தொன்பது பாடல்களில் பெரும்பாலானவை 1609–1611 வாக்கில் எழுதப்பட்டவை என்று கருதுகிறார்கள், அதாவது குருவாகும் முன்பே. பிழைப்புக்கும் நம்பிக்கைக்கும் நடுவே அல்லாடிய மனிதரின் பாடல்கள் அவை. மொழியும் மாறவில்லை. ‘பேட்டர் மை ஹார்ட்’ பாடலில் கடவுளிடம், தட்டிப் பார்ப்பதும் ஊதிப் பார்ப்பதும் போதாது, என்னை இடித்து உடை என்கிறார். நான் எதிரி பிடித்த ஊர். உன் எதிரிக்கு நிச்சயிக்கப்பட்டவன், அந்த உறவை அறுத்துவிடு. நீ என்னைச் சிறைப்பிடிக்காவிட்டால் எனக்கு விடுதலை இல்லை. பலவந்தமாக ஆட்கொள்ளாவிட்டால் கற்பும் இல்லை. காதலியிடம் வாதாடிய அதே வாய்தான் இது. முன்பு கேட்டது இணக்கம், இப்போது கேட்பது படையெடுப்பு.

ஆண்டவனைத் தலைவனா வச்சுப் பாடுறது நம்ம ஆழ்வார் பாட்டுலயும் இருக்கே. ரெண்டும் ஒண்ணுதானா?

நாயகி பாவத்தை நினைத்துக் கேட்கிறீர்கள். ஆண் பக்தர் தன்னைப் பெண்ணாக்கிக்கொள்ளும் இடம் வரைக்கும் ஒற்றுமை இருக்கிறது. வரலாற்றுத் தொடர்பு எதுவும் கிடையாது. நம்மாழ்வாரின் நாயகி பிரிவில் உருகுகிறாள். அவன் தன்னுடையவன் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. டன்னின் பிரச்சினையே அந்தச் சந்தேகம்தான். கடவுளின் அருள் தானாக வந்தால்தான் உண்டு, மனித முயற்சியால் சம்பாதிக்க முடியாது என்று வலியுறுத்திய சீர்திருத்தக் கிறிஸ்தவச் சூழல் அது. தனக்கு அந்த அருள் கிடைக்குமா என்ற பயம் அவர் பாடல்களில் போகவே இல்லை. கூடவே, ஆழ்வார் பாசுரம் கோயிலில் பலர் கூடிச் சொல்வது. டன்னுடையது நண்பர்களுக்குள் கைமாறிய தாள்.

கவிதையில எதுக்கு இவ்வளவு விஞ்ஞானம்? டன் கோப்பர்நிக்கஸை நம்பினாரா?

காலம் அப்படி. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸின் நூல் 1543இல் வந்தது. 1610இல் கலிலியோ தொலைநோக்கியில் கண்டதை அச்சிட்டார். அடுத்த ஆண்டே டன் எழுதிய ஓர் இரங்கல் கவிதையில், புதிய தத்துவம் எல்லாவற்றையும் சந்தேகத்தில் தள்ளுகிறது, சூரியனும் தொலைந்தது, பூமியும் தொலைந்தது, எங்கே தேடுவது என்று எந்த மனிதனின் அறிவுக்கும் தெரியவில்லை என்று புலம்பல் வருகிறது.

அதே மனிதர் ‘தி சன் ரைசிங்’ கவிதையில் பூமியைச் சூரியன் சுற்றும் பழைய வானியலை எந்தக் கூச்சமும் இல்லாமல் எடுத்துக்கொள்கிறார். இந்தக் கட்டில்தான் உன் மையம், இந்த நாலு சுவர்தான் உன் சுற்றுப்பாதை, இங்கேயே சுற்று, உனக்கும் வயதாகிவிட்டது என்று சூரியனுக்குச் சலுகை கொடுக்கிறார். நம்பினாரா என்ற கேள்விக்குப் பதிலாக, அந்த இடத்தில் எது வாதத்துக்கு உதவுகிறது என்று பாருங்கள். இரண்டாவது பதிலில் சாட்சி என்று சொன்னேனே, அதுதான்.

மார்வெலோட ‘கோய் மிஸ்ட்ரஸ்’ வெறும் ‘இளமை போயிடும், அனுபவி’ங்கிற கவிதைதானே?

கரு அதுதான், அது பழைய கரு. புதுசு என்னவென்றால் அதைத் தர்க்க சாஸ்திரம் போல மூன்று அடுக்காகக் கட்டியது. ‘நமக்கு இடமும் காலமும் வேண்டிய அளவு இருந்தால்’, ‘ஆனால்’, ‘ஆகவே’. முதல் அடுக்கில் தாராளம்: நீ கங்கைக் கரையில் மாணிக்கம் பொறுக்கிக்கொண்டிரு, நான் ஹம்பர் நதிக்கரையில் புலம்பிக்கொண்டிருக்கிறேன். கண்களைப் புகழ நூறு ஆண்டு, ஒவ்வொரு மார்புக்கும் இருநூறு, மிச்சத்துக்கு முப்பதாயிரம் என்று கணக்குப் போடுகிறார். கங்கை இங்கே தொலைவுக்கும் செல்வத்துக்கும் ஒரு பெயர், அவ்வளவுதான். ஹம்பர் அவர் வளர்ந்த ஹல் நகரத்தின் நதி. அந்த நதியைக் கடக்கும்போதுதான் அவர் அப்பா 1641இல் மூழ்கி இறந்தார். பெரியதும் சொந்த ஊரும் ஒரே மூச்சில் வருவதால் புகழ்ச்சியா கேலியா என்று பிரிக்க முடியாது.

‘ஆனால்’ வந்ததும் குரல் மாறுகிறது. முதுகுக்குப் பின்னால் காலத்தின் சிறகு முளைத்த தேர் நெருங்கும் சத்தம் கேட்கிறது. கல்லறையில் உன் கற்பைப் புழுக்கள் சோதிக்கும். ‘கல்லறை அருமையான, அந்தரங்கமான இடம்தான், ஆனால் அங்கே யாரும் தழுவிக்கொள்வதாகத் தெரியவில்லை.’ மரியாதையான குரலில் சொல்லப்படும் இந்தப் பயங்கரம்தான் மார்வெல். டன் கத்துவார், இவர் குரலை உயர்த்தவே மாட்டார்.

மேம், எல்லாக் கவிதையிலும் ஆம்பளையே பேசிட்டு இருக்கார். அந்தப் பெண் ஒரு வார்த்தையாவது பேசினாளா?

நல்ல கேள்வி, தேர்வுத்தாளில் வர வேண்டிய கேள்வி. நேரடியாகப் பேசும் இடங்கள் மிகக் குறைவு. தெள்ளுப்பூச்சிக் கவிதையில் பார்த்தோம்: அவள் செய்வது பத்திகளுக்கு நடுவே நடக்கிறது, சொல்வது அவன் வாய் வழியாக வருகிறது. ஆனாலும் அவள் இல்லாவிட்டால் அந்தக் கவிதை நகரவே முடியாது. மார்வெலின் கவிதையில் அந்த அசைவுகூட இல்லை. அவள் மௌனமாக உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சுட்டிக்காட்டினால் கவிதையைக் குறைத்துப் பேசுவதாக ஆகாது.

மறுபக்கத்தில் கேத்தரின் ஃபிலிப்ஸ் (1632–1664) இருக்கிறார். லண்டனில் பிறந்து வேல்ஸில் வாழ்ந்து, அம்மை கண்டு சிறு வயதிலேயே இறந்தவர். ‘ஒரிண்டா’ என்ற புனைபெயரில், ‘லூகாசியா’ என்று தான் அழைத்த தோழிக்கு எழுதினார். டன் கணவன் மனைவிக்காகச் செய்த காம்பஸை எடுத்து, இரண்டு பெண்களின் நட்புக்குப் பொருத்திக் காட்டினார். டன்னின் வாதமுறையை ஒரு பெண் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. பாடத்திட்டங்களில் இவர் பெயர் அரிதாகவே வருவது எனக்கு வருத்தம்.

ஹெர்பர்ட் ரொம்ப எளிமையா எழுதறார். அவரை எப்படி டன் கூடச் சேர்த்தாங்க?

எளிமையாகத் தெரிகிறார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வப் பேச்சாளராக இருந்து லத்தீனில் வெளுத்துக் கட்டியவர். அரசவைப் பக்கம் போயிருக்கலாம். கடைசியில் சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் பெமர்ட்டன் என்ற சின்ன ஊருக்குக் குருவாகப் போய், மூன்று ஆண்டுகளில், நாற்பது முடிவதற்குள் இறந்துபோனார். சாகும் நேரத்தில் கவிதைக் கையெழுத்துப் பிரதியை நண்பர் நிகோலஸ் ஃபெரருக்குக் கொடுத்தனுப்பி, துவண்டுபோன எந்த ஏழை ஆன்மாவுக்காவது பயன்படும் என்று தோன்றினால் அச்சிடுங்கள், இல்லாவிட்டால் எரித்துவிடுங்கள் என்று சொன்னதாக வால்டன் எழுதுகிறார். அதுதான் 1633இல் வந்த ‘தி டெம்பிள்’.

அவரிடம் கன்சீட் வடிவத்துக்குள் ஒளிந்திருக்கும். ‘ஈஸ்டர் விங்ஸ்’ கவிதை இறக்கை வடிவத்தில் அச்சானது. வறுமையைச் சொல்லும் வரி வறுமையாகச் சுருங்கும், எழுச்சியைச் சொல்லும்போது வரி நீளும். நம் சித்திரக்கவி தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. ‘தி காலர்’ இன்னும் நுட்பம். ‘மேசையில் ஓங்கி அறைந்து, போதும் என்று கத்தினேன்’ என்று தொடங்கி, கடவுளிடம் வேலை செய்து எனக்கு என்ன கிடைத்தது என்று கொந்தளிக்கிறார். வரிகள் கோணல்மாணல், இயைபு எங்கே வருகிறது என்றே தெரியாது. கடைசி நாலு வரியில் ‘குழந்தாய்!’ என்று யாரோ கூப்பிடுவது போலத் தோன்ற, ‘என் ஆண்டவரே’ என்று பதில் சொல்கிறார். அந்த நாலு வரியில் மட்டும் இயைபு ஒழுங்காக, ஒன்று விட்டு ஒன்று விழுகிறது. கலகம் அடங்கியதை ஓசையே சொல்லிவிடுகிறது.

முதல் பதிலில் சொன்ன கேள்வியைக் கேட்டால் டன்னோடு உறவு தெளிவாகும். இருவரும் கடவுளோடு வாதாடுகிறார்கள். டன் வாதத்தில் ஜெயிக்கப் பார்க்கிறார், ஹெர்பர்ட் தோற்பதற்காகவே வாதாடுகிறார். ‘லவ்’ என்ற தலைப்பில் அவர் எழுதிய மூன்றாவது கவிதையில் அன்பு விருந்துக்கு அழைக்கிறது; இவர் தகுதி இல்லை என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லித் தயங்குகிறார்; அன்பு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறது. கடைசியில் காரணங்கள் தீர்ந்துவிடுகின்றன. ‘ஆகவே உட்கார்ந்தேன், உண்டேன்.’ எல்லாமே ஓரசைச் சொற்கள்.

ஜான்சன் திட்டினார், எலியட் தூக்கி வச்சார். யார் சொல்றது சரி? எதை எழுதினா மார்க்?

மார்க்குக்கு இரண்டையும் எழுதுங்கள். சாமுவேல் ஜான்சனின் புகார், சிறிதும் ஒவ்வாத கருத்துகளை வலுக்கட்டாயமாக ஒரே நுகத்தில் பூட்டுகிறார்கள் என்பது. காம்பஸ் உவமையையே எடுத்துக்காட்டி, இதில் அபத்தம் அதிகமா சாமர்த்தியம் அதிகமா என்று கேட்டவர் அவர். ஆனால் அதே கட்டுரையில், இவர்கள் பாணியில் எழுத வேண்டுமானால் குறைந்தபட்சம் படித்திருக்க வேண்டும், யோசிக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறார். வேண்டாதவர்போலப் பேசினாலும் ஜான்சன் இவர்களை ஊன்றிப் படித்திருக்கிறார்.

1921இல் ஹெர்பர்ட் கிரியர்சன் இவர்களின் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டார். அதற்கு எழுதிய மதிப்புரையில்தான் கவிஞரும் விமர்சகருமான டி.எஸ். எலியட், டன்னுக்கு ஒரு சிந்தனை என்பது ஓர் அனுபவம் என்றார். ரோஜாவின் மணத்தை உணர்வது போல எண்ணத்தை உடனே உணர்ந்தார்கள் என்றார். 17ஆம் நூற்றாண்டிலேயே சிந்தனையும் உணர்ச்சியும் பிரிந்துவிட்டன, அதிலிருந்து ஆங்கிலக் கவிதை இன்னும் மீளவில்லை என்பது அவர் கட்சி. தேர்வில் கேட்கும் ‘டிஸோசியேஷன் ஆஃப் சென்சிபிலிட்டி’ இதுதான்.

என் கருத்து: எலியட் டன்னைப் பற்றிப் பேசும்போது தன் கவிதைக்கும் சேர்த்து இடம் பிடித்துக்கொள்கிறார். ஒரு நாட்டின் மனமே ஒரு நூற்றாண்டில் இரண்டாகப் பிளந்தது என்பதை வரலாறாக ஏற்பது கடினம். எலியட்டே பின்னாளில் அந்த உற்சாகத்தைக் குறைத்துக்கொண்டார். ஜான்சன் சொன்ன ‘வலுக்கட்டாயம்’ சரியான கவனிப்பு, அதைக் குறையாகக் கண்டதில்தான் நான் மாறுபடுகிறேன். அந்த வலுக்கட்டாயம் நமக்குத் தெரிய வேண்டும் என்றுதான் டன் அப்படி எழுதுகிறார்.

டன் கவிதைக்கு எந்த வருஷம்னு போடறது? ஒவ்வொரு கைடுலயும் ஒவ்வொண்ணு இருக்கு.

அவர் உயிரோடு இருந்தபோது அச்சானவை மிகச் சில. மற்றவை நண்பர்கள் கையால் பிரதியெடுத்துச் சுற்றியவை. தொகுப்பு 1633இல், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து வந்தது. ஆகவே காதல் கவிதைகளுக்குப் பெரும்பாலும் திட்டவட்டமான ஆண்டு கிடையாது. ‘1633இல் வெளியானது’ என்று எழுதினால் யாரும் தப்புப் போட முடியாது. சில கவிதைகளில் உள்ளேயே தடயம் இருக்கும். ‘தி சன் ரைசிங்’கில், மன்னர் குதிரையேறப் போகிறார் என்று அரண்மனை வேட்டைக்காரர்களிடம் போய்ச் சொல் என்கிறார். வேட்டைப் பித்துப் பிடித்த ஜேம்ஸ் மன்னரானது 1603இல். அதற்கு முன் ஆண்டது எலிசபெத் ராணி. ஆக, அந்தக் கவிதை 1603க்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று: ‘எந்த மனிதனும் தனித்தீவு அல்ல’, ‘மணி யாருக்காக ஒலிக்கிறது என்று கேட்காதே’ இரண்டும் கவிதை இல்லை. 1623இல் சாகக் கிடந்து பிழைத்தபோது எழுதி, 1624இல் அச்சான உரைநடை நூலின் 17ஆம் தியானத்தில் வருபவை. ஹெமிங்வே தன் நாவலுக்குத் தலைப்பு எடுத்ததும் அங்கிருந்துதான்.

அணுகுண்டு சோதனைக்கு டன் கவிதையிலிருந்து பேர் வச்சாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

வைத்தவரே அப்படித்தான் சொன்னார். 1945 ஜூலை 16 சோதனைக்கு ‘ட்ரினிட்டி’ (திரித்துவம்) என்று பெயரிட்ட விஞ்ஞானி ஓப்பன்ஹைமர், அணுகுண்டுத் திட்டத்தின் ராணுவத் தலைவராக இருந்த ஜெனரல் க்ரோவ்ஸுக்கு 1962இல் எழுதிய கடிதத்தில் டன்னின் இரண்டு பாடல்களைக் குறிப்பிட்டார். ஒன்று, நோய்ப்படுக்கையில் தன்னைத் தட்டையான நிலப்படமாக நினைத்து, அதில் மேற்கு விளிம்பும் கிழக்கு விளிம்பும் ஒன்றே போல, சாவும் உயிர்த்தெழுதலும் தொட்டுக்கொள்ளும் என்று பாடியது. மற்றது, மேலே பார்த்த ‘என்னை இடித்து உடை’. அதன் முதல் வரியே திரித்துவக் கடவுளை அழைத்துத்தான் தொடங்குகிறது.

க்ராஷா, வான், ட்ராஹெர்ன் இவங்களை எல்லாம் படிச்சே ஆகணுமா? எங்கிருந்து ஆரம்பிக்கறது?

வானைக் கட்டாயம் படியுங்கள். ‘அன்றொரு இரவு நித்தியத்தைப் பார்த்தேன்’ என்று, தெருவில் யாரையோ பார்த்ததைச் சொல்வது போலத் தொடங்க அவரால்தான் முடியும். ட்ராஹெர்னின் கையெழுத்துப் பிரதிகள் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆள் தெரியாமல் கிடந்து, 1890களில் லண்டன் நடைபாதைப் புத்தகக் கடையில் சில காசுக்குக் கிடைத்தன. முதலில் வானுடையவை என்றே நினைத்தார்கள், கவிதைகள் 1903இல்தான் அச்சாயின. இன்னொரு பிரதி 1960களில் எரிந்துகொண்டிருந்த குப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. எழுதியதைவிடக் கிடைத்த கதை சுவாரசியம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

தொடங்க ‘தி சன் ரைசிங்’ போதும்: முப்பது வரி, ஒரே மூச்சுக் கோபம். வாய்விட்டுப் படியுங்கள், ‘ஏன்’, ‘ஆனால்’, ‘ஆகவே’ வரும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் தெள்ளுப்பூச்சி, காம்பஸ், மார்வெல், ஹெர்பர்ட்டின் ‘தி காலர்’. க்ராஷாவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். மகதலா மரியாளின் கண்களை ‘நடமாடும் இரண்டு குளியல் தொட்டிகள்’ என்று எழுதியவர் அவர். கன்சீட் எங்கே வாதத்தை விட்டுவிட்டுத் தனியாக ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள அவரைவிட நல்ல உதாரணம் இல்லை.